நாங்கூழும் நம் கல்வியும்

கற்றலென்பது கண்ணால் எழுத்தைக் காண்டலும் நாவால் அதனை ஒப்பித்தலுமே என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றி நெடுங்காலமாயிற்று. வானத்து மீன்களின் தொலைவை இலக்கம் பிழையாமற் சொல்லும் சிறுவன், மழை பெய்த மறுநாட் காலையில் தன் வீட்டு முற்றத்திற் குவிந்துகிடக்கும் குருணைபோன்ற மண்ணுருண்டைகள் எங்ஙனம் வந்தன என்று வினவினால் விழிக்கின்றான். மீனின் தொலைவு புத்தகத்தில் இருந்தது. முற்றத்து மண் புத்தகத்தில் இல்லை. இருந்தாலும், ‘மண்புழு உழவனின் நண்பன்’ என்னும் ஒற்றை வரியாகவே அஃது இருக்கும். அவ்வரியை எழுதி முழு மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அந்நண்பனைக் கையில் ஏந்திப் பார்த்திருப்பர்?

தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றிலும், பிள்ளைகள் தம் கையாற் செய்த நாங்கூழ் இல்லம் ஒன்று ஆண்டுதோறும் அமைதல் வேண்டும் என்பதும், அதற்குத் துணைநிற்கும் கடப்பாடு நம் போன்ற கல்லூரிகளுக்கு உண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இது சிறிய பொருளாகத் தோன்றலாம். சிறிய பொருளாயிருத்தலே இதன் சிறப்பு; செலவின்மையால், செய்யாதிருத்தற்கு ஏதுவும் இல்லை.

நாங்கூழ் என்பது மண்புழுவுக்குத் தமிழிலுள்ள பழம்பெயர். பூநாகம் என்றும் வழங்குவர். திருவாசகத்து நீத்தல் விண்ணப்பத்தில் மாணிக்கவாசகர், புலன்களால் அரிக்கப்படும் தம் நிலைக்கு, எறும்புகளிடையே அகப்பட்ட நாங்கூழை உவமை கூறினார். 1891-ஆம் ஆண்டில் வெளிவந்த மனோன்மணீயம் என்னும் நாடகத்தில், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழை முன்னிலைப்படுத்தி அதன் ஓயா உழைப்பை வியந்து பேசுமாறு அமைத்தார். ஆகவே இப்புழு நம் புலவர் கண்ணுக்குத் தப்பியதன்று. எறும்பு அதனை எவ்வாறு பற்றும் என்பதையும், அது மண்ணை எவ்வாறு பக்குவப்படுத்தும் என்பதையும் அவர்கள் குனிந்து பார்த்திருக்கின்றனர். குனிந்து பார்க்கும் பழக்கம் நம்மிடத்தேதான் குன்றிவிட்டது.

மேனாட்டில் அங்ஙனம் குனிந்து பார்த்தவருள் தலைசிறந்தவர் சார்லஸ் டார்வின். உயிர்களின் தோற்றத்தைப்பற்றி உலகை உலுக்கிய நூலை 1859-இல் எழுதிய அப்பெரியார், தம் இறுதி நூலை 1881-இல் மண்புழுக்களைப்பற்றியே எழுதினார். அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார். அப்பொருளில் அவர் கருத்துச் சென்றது முதுமையிலன்று; 1837-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மண்ணியற் கழகத்தில் இதுபற்றி ஒரு கட்டுரை படித்திருந்தார். ஆக, நாற்பத்து நான்கு ஆண்டுக்காலம் ஒரு புழுவை மறவாதிருந்த உள்ளம் அது.

அவர் செய்த சோதனைகளை நோக்குங்கால், அவற்றிற் பல நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் செய்யத்தக்கனவாகவே இருத்தல் காணலாம். மண் நிரம்பிய தொட்டிகளிற் புழுக்களை இட்டுத் தம் அறையிலேயே வைத்துக்கொண்டார். அவற்றுக்குச் செவியுண்டோ என்று அறிதற்பொருட்டு ஊதற்குழலை ஊதச்செய்தார், புழுக்கள் பொருட்படுத்தவில்லை. பியானோ என்னும் இசைக்கருவியை உரக்க வாசித்தபோதும் அவை வாளா இருந்தன. ஆனால் அத்தொட்டிகளை அக்கருவியின்மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டியவுடன் வளைக்குள் விரைந்து மறைந்தன. ஓசை அவற்றுக்குக் கேட்பதில்லை, அதிர்ச்சி தெரிகின்றது என்று இதனாற் புலனாயிற்று. புழுக்கள் இலைகளை வளைக்குள் இழுக்கும்போது எந்த முனையைப் பற்றுகின்றன என்று காண, முக்கோண வடிவான தாள்த்துண்டுகள் 303 செய்து பரப்பினார். அவற்றுள் நூற்றுக்கு 62 கூர்முனைப் பக்கத்தாலேயே இழுக்கப்பட்டிருந்தன. 1842-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு புல்வெளியிற் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பச்செய்து, 29 ஆண்டுகள் காத்திருந்து, 1871-இல் அவ்விடத்தை அகழ்ந்து பார்த்தார். வெண்துண்டுகள் மேற்பரப்பின் கீழ் 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன. அவற்றின்மேல் அத்துணை மண்ணைக் கொணர்ந்து குவித்தவை நாங்கூழ்கள். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டொன்றுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட உலர்மண் இப்புழுக்களின் உடல்வழியே சென்று மேலே வருகின்றது என்று அவர் கணித்தார்.

இவற்றுக்கு வேண்டிய கருவிகள் யாவை? தொட்டி, தாள், ஊதற்குழல், சுண்ணக்கட்டி, பொறுமை. முதல் நான்கும் எந்தச் சிற்றூரிலும் கிடைப்பன. ஐந்தாவதைப் பயிற்றுதற்கே பள்ளி இருக்கின்றது.

நிற்க. நம் கல்லூரிகளில் நாங்கூழை நாம் எங்ஙனம் அறிந்தோம் என்பதைச் சிறிது எண்ணுவோம். பல்லாண்டுகளாக விலங்கியல் மாணவன் மண்புழுவைச் சந்தித்த இடம், மெழுகு வார்த்த அறுவைத் தட்டு. மயங்கி இறந்த உடல் ஊசிகளால் இருபுறமும் குத்தி விரிக்கப்பட்டிருக்கும். நரம்பையும் குடலையும் காட்டிப் படம் வரைந்து பெயர் குறித்தால் தேர்வு முடிந்தது. பல்கலைக்கழக நல்கைக் குழு 2011-ஆம் ஆண்டில் இம்முறையைப் படிப்படியாகக் குறைக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டு, 2014-இல் அதனைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. உயிர்க்கொலை தவிர்ந்தமை நன்றே. ஆயினும் தட்டு இருந்த இடத்தில் இப்போது வந்திருப்பது யாது? திரையிலே தோன்றும் வண்ணப்படம். பிணத்தைப் பார்த்துக் கற்றவன் உயிரைக் காணவில்லை. படத்தைப் பார்த்துக் கற்பவன் பிணத்தையும் காண்பதில்லை. மண்ணுக்குள் நடமாடும் நாங்கூழை நாட்கணக்காகப் பார்க்கும் வழி இரண்டிலும் இல்லை. அவ்வழி ஒரு கண்ணாடிச் சாடிக்குள் இருக்கின்றது.

அதனைச் செய்யுமாறு கூறுவாம். வாயகன்ற கண்ணாடிச் சாடிகள் இரண்டு கொள்க. ஊறுகாய் இட்ட பழஞ்சாடியாயின் உப்பும் எண்ணெயும் சிறிதுமின்றிக் கழுவுதல் வேண்டும். உப்பு இப்புழுவுக்கு நஞ்சு. கண்ணாடி கிடையாதாயின், குடிநீர் விற்கும் பெரிய பிளாஸ்டிக் புட்டியின் கழுத்தை அரிந்து பயன்படுத்தலாம். அடியில் இருவிரல் உயரம் கூழாங்கல் இடுக. அதன்மேல் தோட்டத்து மண் நால்விரல், ஆற்று மணல் ஒருவிரல், மீண்டும் மண், மீண்டும் மணல் என மாற்றி மாற்றி அடுக்குக. மண் கருமையாகவும் மணல் வெளிறியும் இருத்தலின் அடுக்குகள் வரிவரியாய்த் தெரியும். ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்து நனைக்க. ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தால் உருண்டையாய் நிற்கவேண்டும், கையினின்றும் நீர் ஒழுகலாகாது, அதுவே பதம். நாங்கூழுக்கு மூக்கும் நுரையீரலும் இல்லை. ஈரத்தோலே அதன் மூச்சு வாயில். தோல் உலர்ந்தாலும் சாகும். மண்ணில் நீர் தேங்கிக் காற்றற்றாலும் சாகும்.

இனிப் புழுக்களைத் தேடுதல். ஐப்பசி கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த காலம் இதற்கு ஏற்றது; கோடையில் அவை ஆழத்திற் சென்று ஒடுங்கும். வாழைப்பாத்தி ஓரத்திலும், இலைச்சருகு மக்கிய நிழலிலும், ஒரு சாண் தோண்டினால் அகப்படும். மண்வெட்டி கூடாது, சிறு குச்சியாலும் விரலாலுமே கிளறல் வேண்டும். கையை நீரில் நனைத்துக்கொண்டே தொடல் வேண்டும். நான்கைந்து புழுக்கள் போதும். அவற்றை ஒரு சாடியில் மட்டும் விடுக. மற்றொரு சாடியில் மண், மணல், நீர், இலை அனைத்தும் அவ்வாறே இருக்க, புழு மட்டும் இல்லாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டாவது சாடியைப்பற்றிப் பின்னர்ச் சொல்லுவேன்.

இரு சாடிகளின் மேலும் மக்கிய பூவரசிலை, முருங்கையிலை, வாழைப்பழத் தோலின் சிறு துண்டு, ஆறிப் பழகிய சாணத்தூள் ஆகியவற்றைச் சிறிது தூவுக. புதுச்சாணம் சூடுடையது, ஆகாது. எலுமிச்சைத் தோல், மிளகாய், சமைத்த சோறு, எண்ணெய்ப் பண்டம் ஆகியவற்றை விலக்குக. வாயை மெல்லிய துணியாற் கட்டுக. சாடியைக் கருந்துணியாற் போர்த்து, வெயில் படாத மூலையில், நீர் நிறைந்த தட்டின் நடுவே வைக்க. தட்டு நீர் எறும்புக்கு அரண். வெல்லப் பானையைக் காக்க நம் பாட்டிமார் கையாளும் முறை இது. திருவாசகம் சொன்ன துன்பம் நம் நாங்கூழுக்கு வாராது.

பின்னர்ச் செய்யவேண்டுவது பெரும்பாலும் காத்திருத்தலே. நாடோறும் ஒருமுறை துணியை நீக்கிச் சிறிது நேரம் பார்த்து மூடுக. வேண்டும்போது நீர் தெளிக்க. வெளிச்சத்தை அஞ்சும் இப்புழு செவ்வொளியைச் சிறிதே உணரும். ஆதலின் கைவிளக்கின் முகத்திற் சிவப்புத்தாளைச் சுற்றிக்கொண்டால் அதன் நடமாட்டத்தை நன்கு காணலாம். இரண்டு மூன்று வாரங்களில், ஒரு சாடியில் நேர்கோடாயிருந்த மணல்வரிகள் கலங்கி, உடைந்து, மண்ணொடு மயங்கும். கண்ணாடியை ஒட்டி வளைகள் தோன்றும். மேலிட்ட இலைகள் சில காணாமற்போகும். மேற்பரப்பில் குருணைமண் குவியும்.

இப்போது இரண்டாவது சாடியை நினைவுகூர்வோம். முதற்சாடியைக் கண்ட பிள்ளை, “புழு மண்ணைக் கலக்கிவிட்டது” என்பான். “நாம் ஊற்றிய நீரே கலக்கியது என்று நான் சொல்கிறேன், நீ என்ன சொல்லுவாய்?” என்று ஆசிரியர் மறுக்கவேண்டும். விடை சொல்ல அவன் இரண்டாவது சாடியண்டை செல்லுவான். அங்கே அதே நீர், அதே நாள், அதே இலை. வரிகளோ ஏறக்குறைய வைத்தபடியே இருக்கின்றன. அறிவியல் முழுதும் இவ்விரு சாடிகளுக்கிடையே அடங்கியிருக்கின்றது எனின் அது மிகையாகாது. ‘இதனால் இது நிகழ்ந்தது’ என்று சொல்லத் துணிபவன், ‘அஃது இல்லாதபோது இது நிகழ்ந்ததா?’ என்று முன்னர்க் கேட்டல் வேண்டும். தாயத்துக் கட்டியதாற் காய்ச்சல் நீங்கியது என்பவனும், தன் கூட்டத்தார் ஆண்டதால் மழை பெய்தது என்பவனும், ஒரு மருந்தை விற்கப் பத்துப்பேர் நலமடைந்ததைக் காட்டுபவனும் இரண்டாவது சாடியை வையாதவர்களே. பத்து வயதில் இதனைக் கண்ணாற் கண்ட பிள்ளை, நாற்பது வயதில் எளிதில் ஏமாறமாட்டான்.

இரு சாடிகளிலும் ஒரே அளவு நீரை ஒரே வேளையில் ஊற்றி, எது விரைந்து கீழிறங்குகின்றது என்று எண்ணிப் பார்க்கச் செய்தலும் நன்று. புழுவின் வளைகள் மண்ணுக்குள் நீரும் காற்றும் செல்லும் வழிகள். அவ்வளைகள் நிறைந்த நிலத்தில் மழைநீர் எளிதிற் கீழிறங்கும். இறுகிக் கெட்டித்த நிலத்திலோ அது மேலோடு ஓடி மண்ணையும் வாரிச்செல்லும். சாடியிற் கண்டதை வயலிற் பொருத்திப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் சிறிதே துணைசெய்தால் போதும்.

இன்னும் பல வினாக்கள் தாமே எழும். “ஐயா, இதற்குத் தலை எது, வால் எது?” உடலிற் பட்டையாய்த் தடித்துத் தோன்றும் பகுதிக்கு அண்மையிலுள்ள முனை தலை. “கால் இல்லாமல் எப்படி நகர்கின்றது?” வாலிலிருந்து தலைநோக்கி விரலால் மெல்லத் தடவினாற் சொரசொரப்புத் தெரியும், கண்ணுக்குப் புலப்படாத நுண்முட்கள் மண்ணைப் பற்ற, உடல் நீண்டும் சுருங்கியும் செல்லுகின்றது. “ஆண் எது, பெண் எது?” ஒவ்வொரு புழுவிலும் இரண்டும் உண்டு, ஆயினும் பெரும்பாலன துணையோடு கூடியே முட்டைக்கூடு இடும். “இரண்டாய் வெட்டினால் இரண்டு புழு ஆகுமாமே?” ஆகாது. தலைப்பக்கத் துண்டு சில வேளை பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளும். மற்றைத் துண்டு பெரும்பாலும் துடித்து மாயும். இவ்விடையை ஆசிரியர் முந்திச் சொல்லிவிடல் வேண்டும். இது சோதித்து அறியவேண்டிய வினாவன்று. ஏனையவற்றுக்கு, சாடி விடை கூறுமளவும் ஆசிரியர் வாய்மூடி இருத்தலே நலம்.

இதற்குத் தடை கூறுவார் உளர். அவர் கூற்றுக்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

பாடத்திட்டத்தை முடிக்கவே காலம் போதவில்லை என்பது முதற்றடை. சாடி செய்யும் நாள் ஒரு பிற்பகல் வேண்டும். பின்னர் நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். அவ்வைந்து நிமிடத்தில் பிள்ளை நாளும் கிழமையும் இட்டுக் கண்டதை எழுதுகின்றான், விரலால் அளந்து எண் குறிக்கின்றான், படம் வரைகின்றான். மொழியும் கணக்கும் ஓவியமும் அறிவியலும் ஒருங்கே நடக்கும் ஐந்து நிமிடம் கால அட்டவணையில் வேறெங்கே உள்ளது?

மண்ணைத் தொட்டால் நோய் வரும் என்பது இரண்டாந் தடை. இதனை எள்ளி ஒதுக்குதல் தகாது. மலங்கலந்த மண்ணில் வெறுங்காலுடன் நடப்பார்க்குக் கொக்கிப்புழு நோய் வருதல் உண்மை. ஆகவே தூய இடத்து மண்ணையே எடுத்தல் வேண்டும். காலிற் செருப்பு வேண்டும். வேலை முடிந்தவுடன் சவர்க்காரமிட்டுக் கைகழுவி, நகத்தையும் தூய்மை செய்தல் வேண்டும். இவ்வொழுக்கத்தைப் பிள்ளைகள் பழகுதற்கும் இதனைவிட நல்ல தறுவாய் இல்லை. ஏன் கழுவவேண்டும் என்பது அன்று அவர்கட்கு விளங்கும்.

சாடியில் ஐந்து புழுவை வளர்ப்பதினும், பள்ளித் தோட்டத்திற் புழு உரக்குழி அமைத்தால் பயன் மிகுமன்றோ என்பது மூன்றாந் தடை. உரக்குழி நன்றே. சென்னைப் புதுக்கல்லூரியிற் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில் அவர்கள், நம் நாட்டு நாங்கூழ் இனங்களைக்கொண்டே உரம் ஆக்கும் முறையை ஆராய்ந்து பரப்பியதால் உழவர் பலர் பயனடைந்துள்ளனர். ஆனால் குழிக்குள் நிகழ்வதைப் பிள்ளை காணமுடியாது. உரக்குழி உரம் தரும். கண்ணாடிச் சாடி காட்சி தரும். முதலிற் கண்டவன் பின்னர்க் குழியைத் தானே விரும்பித் தோண்டுவான்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உரம் ஆக்குவோர் விலைக்குத் தரும் புழுக்களிற் பல ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் தோன்றிய இனங்கள். மேற்பரப்பிலுள்ள குப்பையை விரைந்து தின்பதே அவற்றின் இயல்பு. மண்ணை ஊடறுத்து வளைசெய்யும் நம் வயல் நாங்கூழின் தொழிலை அவை செய்யா. அன்றியும், ஓரிடத்து உயிரை மற்றோரிடத்து விடுதலிற் கேடும் உண்டு. வட அமெரிக்காவின் வடபகுதியில், பண்டைப் பனிப்படலத்தால் மண்புழுக்கள் அற்றுப்போயிருந்த காடுகளில், ஐரோப்பியப் புழுக்கள் புகுந்து இலைச்சருகுப் படுகையைத் தின்றொழித்தமையால், அதனைச் சார்ந்து முளைக்கும் செடிகள் நலிவுறுகின்றன. நன்மை செய்யும் உயிரும் தனக்குரிய இடத்திலேதான் நன்மை செய்யும். ஆகவே பள்ளித் தோட்டத்துப் புழுவையே எடுத்து, அவ்விடத்திலேயே திரும்ப விடுதல் வேண்டும்.

சிறையிட்டு வைத்தல் கொடுமையன்றோ என்பது நான்காந் தடை. இதனைச் சொல்லுவோரை நான் பெரிதும் மதிக்கின்றேன். என் விடை இதுவே: இல்லம் என்று பெயரிட்டால் இல்லமாகவே நடத்தல் வேண்டும். ஈரமும் இருளும் உணவும் குறையாமற் காத்து, ஒரு திங்களுக்குமேல் வைத்திராமல், மாலைப்பொழுதில், எடுத்த குழியருகே மண்ணொடு கவிழ்த்து விடுதல் வேண்டும். விடுவிக்கும் அந்நாளே இப்பாடத்தின் தலையாய நாள். விருந்தினரை வழியனுப்புவதுபோல் வகுப்பு முழுதும் நின்று அனுப்புக. ஓர் உயிரைத் தன் தேவைக்குக் கொண்டவன் அதனை நலமாய்த் திருப்பித் தரக் கடமைப்பட்டவன் என்பதை வேறெந்த நீதிநூலும் இத்துணைத் தெளிவாய் அவர்க்குக் கற்பியாது.

தடைகளுக்கு விடை கூறினோம். எனினும் வாய்விட்டுச் சொல்லப்படாத தடை ஒன்று உளது, அதுவே பெரிது. அஃது அருவருப்பு. நம் வசைமொழிகளைச் செவிமடுத்துப் பாருங்கள். ஒருவனைத் தாழ்த்த வேண்டின் ‘புழு’ என்கிறோம். ஒருவன் கெடவேண்டின் ‘மண்ணாய்ப் போ’ என்கிறோம். நம்மை ஊட்டும் மண்ணும், அம்மண்ணை ஆக்கும் புழுவும் நம் நாவில் வசையாயின. அவ்வளவில் நின்றதா? மண்ணொடும் புழுவொடும் நாள்முழுதும் பழகி நமக்குச் சோறிடும் மக்களும் அவ்வசையிற் பங்கு பெற்றனர். கையில் மண்படாதவன் மேலோன், மண்பட்டவன் கீழோன் என்னும் கொடிய கணக்கு இவ்வருவருப்பிலிருந்து வலிமை பெறுகின்றது. நம் பள்ளிகள் அக்கணக்கைத் திருத்தினவா? ‘நன்றாய்ப் படி, இல்லையேல் மண்ணைக் கிளறப் போவாய்’ என்று அச்சுறுத்தும் ஆசிரியர் இன்றும் உளர்.

கூலிவேலை செய்யும் உழவர் குடியிலிருந்து வரும் சிறுவனை எண்ணுக. மண்ணின் ஈரம் எத்துணை ஆழத்தில் உள்ளது, எவ்விடத்தில் தோண்டினாற் புழு அகப்படும், நுனி நசுங்காமல் அதனை எங்ஙனம் எடுப்பது என்பன எல்லாம் அவன் அறிவான். அவ்வறிவுக்கு நம் வகுப்பில் மதிப்பெண் இல்லை. பின்வரிசையில் வாய்பேசாது அமர்ந்திருக்கின்றான். நாங்கூழ் இல்லம் செய்யும் பிற்பகலில் முன்வரிசைப் பிள்ளைகள் கிளறிக் கிளறி ஒன்றும் காணாமல் நிற்பர். அப்போது அவன், “அங்கே இல்லை, இங்கே வாருங்கள்” என்று அழைப்பான். வகுப்பு அவன்பின் செல்லும். அன்று ஆசிரியன் அவனே. பணமின்றி, சட்டமின்றி, மேடைப்பேச்சின்றி ஒரு சிறுவனுக்கு இத்தகைய தலைமையைத் தரவல்ல பாடம் பிறிதொன்று உண்டாயின் அறிந்தோர் சொல்லுக.

மனிதன் மண்ணினின்று உருவாக்கப்பட்டான் என்று நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் ஓதக் கேட்கின்றோம். அதனைக் கேட்டுத் தலைகுனியும் நாம், வெளியே வந்து மண்பட்ட கையினனைக் கண்டு ஒதுங்குவோமாயின் கேட்டதனாற் பயன் என்? எச்சமயத்தாராயினும் எச்சமயமும் இல்லாதாராயினும், உணவு மண்ணினின்று வருகின்றது என்பதில் நம்முள் வேற்றுமை இல்லை. மண்ணை மதியாத கல்வி உண்ட கலத்தை உதைக்குங் கல்வி.

இன்று நாங்கூழுக்கு வேறு இடையூறும் உளது. பயிர்காக்க எனத் தெளிக்கும் நஞ்சுகளுட் சில இப்புழுக்களையும் மடிவிக்கின்றன. இலைச்சருகைக் கொளுத்துதலால் அவற்றின் உணவு அழிகின்றது. வீட்டு முற்றங்களெல்லாம் சிமிட்டியால் மூடப்படுதலின், நகரத்துப் பிள்ளைக்கு மழைக்காலையில் நாங்கூழைக் காணும் வாய்ப்பே அரிதாகி வருகின்றது. அறியாத பொருளின்மேல் அன்பு பிறவாது. அன்பில்லாத பொருளைக் காப்பார் இலர். வருங்காலத்தில் நிலத்தை ஆளப்போகும் பிள்ளைகள் இன்று அதன் உயிர்களை அறிதல் வேண்டும்.

ஆகலின் நம் கல்லூரியார்க்கு யான் விடுக்கும் வேண்டுகோள் இது. மழைக்காலத்து நான்கு சனிக்கிழமைகளில், விலங்கியல் மாணவர் இருவரும் தமிழ் மாணவர் ஒருவருமாகச் சேர்ந்து அண்மையிலுள்ள தொடக்கப் பள்ளி ஒன்றுக்குச் செல்லுக. முதல் வாரம் சாடி செய்தல். அடுத்த இரு வாரம் பார்த்தலும் எழுதுதலும். நான்காம் வாரம் விடுவித்தல். விலங்கியலார் சோதனையைக் காக்க. தமிழ் மாணவர், பிள்ளைகள் கண்டதைத் தம் சொந்த மொழியில் எழுதத் துணைசெய்க. செலவு விடுதிச் சமையலறையிற் கழித்த வெற்றுச் சாடிகளே. ஆசிரியராயும் தலைமையாசிரியராயும் பல ஊர்களில் விளங்கும் பழைய மாணவர்கள் தம் பள்ளியின் கதவைத் திறந்து உதவுவாராக. பிள்ளைகள் எழுதிய ஏடுகளிற் சிறந்தவற்றை அடுத்த ஆண்டு இம்மலரிலேயே வெளியிடலாம். பெரியோர் எழுதும் கட்டுரைகளினும் அவை சுவை குன்றா.

டார்வின் தம் சுண்ணக்கட்டிக்கு 29 ஆண்டு காத்திருந்தார். நாம் வேண்டுவது நான்கு வாரமே. இவ்வாண்டு மழை ஓய்ந்தவுடன், சாடிகள் இரண்டோடு புறப்படுவோமாக.